ரூட்டுக்குப் பெயரிடுதலும் பெயரிலிருந்து முகவரி உருவாக்குதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு முகவரி வந்தால் எந்த ஃபங்ஷன் இயங்க வேண்டும் என்று எழுதுவதை, அதாவது ரூட் அமைப்பதை, சிறிய வலைக் கட்டமைப்பு ஒன்றைத் தொடும் எவரும் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதன் மறுதிசையில், இந்த ஃபங்ஷனுக்கு உரிய முகவரி எது என்று கட்டமைப்பிடமே கேட்டுப் பெறுவதைப் பலர் செயலி வளர்ந்த பிறகே கவனிக்கிறார்கள். இப்பக்கம் அந்த மறுதிசையைப் பற்றியது. விளக்கங்கள் பெரும்பாலும் பைத்தான் மொழிக்கான ஃபிளாஸ்க் என்ற கட்டமைப்பை வைத்து அமைந்துள்ளன. பிற கட்டமைப்புகள் மாறுபடும் இடங்களையும் ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டாக ஒரு நூல் பட்டியல் செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் நூல்_காட்டு என்ற ஃபங்ஷன் /நூல்/<இண்ட்:எண்> என்ற விதியோடு பதிவு செய்யப்பட்டுள்ளது.

பைத்தான் 3 ஃபங்ஷன் பெயர்களைத் தமிழில் எழுத அனுமதிக்கிறது என்றாலும், விதிக்குள் கோண அடைப்பில் வரும் மாறியின் பெயரை ஃபிளாஸ்க்கின் அடித்தளமான வெர்க்சாய்க் ஆங்கில எழுத்துகளில்தான் எதிர்பார்க்கிறது. இங்கே "எண்" என்று எழுதியிருப்பது வாசிக்கும் வசதிக்காக மட்டுமே.

முகவரியை நேரடியாக எழுதிவிட்டால் என்ன குறை?

செயலி சிறியதாகவும், எழுதுபவர் ஒருவராகவும், முகவரிகள் என்றும் மாறாதவையாகவும் இருந்தால் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தின் வார்ப்பான டெம்ப்ளேட்டில் "/நூல்/" என்று எழுதி அதன்பின் எண்ணை ஒட்டும்போது, விதியில் ஒரு முறை எழுதிய அதே செய்தியை இருபது இடங்களில் மறுபடி எழுதுகிறோம். நாளை அந்த விதி /பட்டியல்/நூல்/ என்று மாறினால் அந்த இருபது இடங்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். தவறவிட்ட ஓர் இடம் எந்தப் பிழையையும் எழுப்பாமல், யாரோ சொடுக்கும் நாள் வரை காத்திருந்து 404 காட்டும்.

இதைவிட அடிக்கடி நேர்வது வேறொன்று. உங்கள் கணினியில் செயலி முகவரியின் வேரில் இயங்குகிறது. வெளியிடும் இடத்திலோ அதை /நூலகம் என்ற முன்னொட்டின் கீழ் வைக்கிறார்கள். கையால் எழுதிய இணைப்புகள் அனைத்தும் அந்த முன்னொட்டைத் தாண்டி வெளியே குதித்துவிடும். ரூட்டின் பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தரும் யூஆர்எல்_ஃபார் என்ற ஃபங்ஷன் வழியாக உருவான இணைப்புகள், சர்வர் தெரிவிக்கும் ஸ்கிரிப்ட்_நேம் மதிப்பை முன்னால் சேர்த்துக்கொள்வதால் ஒரு வரிகூட மாறாமல் இயங்கும். முகவரிகளை மாற்றும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் இந்த ஒரு காரணம் போதும் என்பது என் கருத்து.

ரூட்டின் பெயர் எங்கிருந்து வருகிறது? நான் எதையும் சூட்டவில்லையே?

ஃபிளாஸ்க்கில் பெயருக்கு எண்ட்பாயிண்ட் என்று பெயர். நீங்கள் தனியாகத் தராவிட்டால் ஃபங்ஷனின் பெயரே எண்ட்பாயிண்ட் ஆகிவிடும். ஆகவே யூஆர்எல்_ஃபார்("நூல்_காட்டு", எண்=42) என்று அழைத்தால் /நூல்/42 என்பதற்குரிய முகவரி கிடைக்கும். பாட்டில் கட்டமைப்பில் இந்தத் தானியங்கிப் பெயர் கிடையாது. ரூட்டைப் பதியும்போதே நேம் என்ற அளவுருவில் பெயரைத் தந்தால்தான் கெட்_யூஆர்எல் அதைக் கண்டுபிடிக்கும். ஸ்லிம் கட்டமைப்பிலும் செட்நேம் என்று வெளிப்படையாகச் சூட்ட வேண்டும்.

தானியங்கிப் பெயர் வசதியானது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஃபங்ஷனின் பெயரை மாற்றுவது நிரலின் உள்விவகாரம் என்று நினைத்துச் செய்யும்போது, டெம்ப்ளேட்டுகள் நம்பியிருக்கும் பெயரையும் சேர்த்தே மாற்றிவிடுகிறோம். பல டெம்ப்ளேட்டுகள் சுட்டும் முக்கியமான ரூட்டுகளுக்கு எண்ட்பாயிண்ட் அளவுருவை வெளிப்படையாகத் தந்துவிட்டு, மற்றவற்றைத் தானியங்கிக்கு விட்டுவிடுவதே நான் பின்பற்றும் வழி.

"இருக்கும் எண்ட்பாயிண்ட் ஃபங்ஷனை மேலெழுதுகிறது" என்ற பிழையோடு செயலி தொடங்க மறுக்கிறது. நான் ஒரே பெயரை இருமுறை பயன்படுத்தவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் நீங்களே எழுதிய டெக்கரேட்டர்தான் (ஒரு ஃபங்ஷனை இன்னொன்றால் சுற்றித் தரும் நிரல்) காரணம். உள்நுழைந்தவர் மட்டும் பார்க்கலாம் என்று சரிபார்க்கும் ஒரு டெக்கரேட்டரை எழுதியிருப்பீர்கள். அதற்குள் உறை என்றொரு ஃபங்ஷனை உருவாக்கி, அதைத் திருப்பித் தந்திருப்பீர்கள். அந்த டெக்கரேட்டரை நூல்_சேர், நூல்_நீக்கு ஆகிய இரண்டின் மேலும் வைத்ததும், ஃபிளாஸ்க்கின் கைக்குப் போய்ச் சேரும் இரண்டு ஃபங்ஷன்களுக்கும் பெயர் உறை என்றே இருக்கிறது. முதலாவது பதிவாகிவிடும், இரண்டாவது வரும்போது அதே பெயரில் வேறொரு ஃபங்ஷன் இருப்பதைக் கண்டு ஃபிளாஸ்க் நிறுத்திவிடும்.

உறையின் மேல் ஃபங்ஷன்டூல்ஸ் நூலகத்தின் ரேப்ஸ் டெக்கரேட்டரை வைத்தால் மூல ஃபங்ஷனின் பெயர் உறைக்கும் ஒட்டிக்கொள்ளும், சிக்கல் தீர்ந்துவிடும். அந்த டெக்கரேட்டரை ஒரே ஒரு ஃபங்ஷனில் மட்டும் பயன்படுத்தும் காலம் வரை இந்தத் தவறு வெளியே தெரியாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ரூட் டெக்கரேட்டர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். அதற்கு மேலே வைக்கப்படும் சரிபார்ப்பு, ரூட் பதிவான பிறகு சேர்வதால் கோரிக்கை வரும்போது இயங்கவே இயங்காது. இது பெயர்ச் சிக்கலைவிட ஆபத்தானது, ஏனென்றால் எந்தப் பிழையும் எழாமல் பக்கம் எல்லோருக்கும் திறந்து கிடக்கும்.

விதியில் இல்லாத மதிப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்?

இங்கேதான் கட்டமைப்புகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ஃபிளாஸ்க்கும் பாட்டிலும், விதியில் இடம் இல்லாத மதிப்புகளைக் கேள்விக்குறிக்குப் பின் வரும் குவெரி பகுதியில் சேர்த்துவிடும். யூஆர்எல்_ஃபார்("நூல்_காட்டு", எண்=42, வரிசை="ஆண்டு") என்றால் எண் பாதையிலும் வரிசை குவெரியிலும் போய் அமரும். ஃபிளாஸ்க்கில் மதிப்பு நன் (மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் பைத்தான் சொல்) ஆக இருந்தால் அது விடுபடும். பட்டியலாக இருந்தால் அதே பெயர் பலமுறை வரும். தேடல் பக்கத்தின் வடிகட்டிகளை எழுதும்போது இந்த இரண்டும் மிகவும் கைகொடுக்கும்.

ஸ்டார்லெட்டும் அதன்மேல் கட்டப்பட்ட ஃபாஸ்ட்ஏபிஐயும் இதற்கு நேர்மாறானவை. விதியில் உள்ள மாறிகள் எவையோ அவற்றை மட்டுமே, கூடாமல் குறையாமல் தர வேண்டும். ஒன்று கூடினாலும் பொருத்தமான ரூட் இல்லை என்று பிழை எழும். குவெரி மதிப்புகளை, உருவான முகவரியின் மேல் இன்க்லூட்_குவெரி_பேரம்ஸ் என்பதை அழைத்துத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஃபிளாஸ்க்கின் தாராளம் ஓரிடத்தில் கடிக்கும். கட்டாய மாறியின் பெயரைத் தவறாக எழுதினால் முகவரியை உருவாக்க முடியவில்லை என்னும் பில்ட்எரர் பிழை எழுந்து உங்களைக் காப்பாற்றும். எந்த மதிப்பு விடுபட்டது என்றும் அதுவே சொல்லும். ஆனால் இயல்பு மதிப்புள்ள மாறியின் பெயரைத் தவறாக எழுதினால் பிழை எழாது. பக்கம்=3 என்பதற்குப் பதில் பக்=3 என்று எழுதினால், அது சத்தமின்றிக் குவெரியில் போய் ஒட்டிக்கொள்ளும்; பயனர் மூன்றாம் பக்கத்தைச் சொடுக்கினாலும் முதல் பக்கமே வரும்.

ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு விதிகள் இருந்தால் எந்த முகவரி உருவாகும்?

கொடுத்த மதிப்புகளுக்குப் பொருந்தும் விதி தேர்ந்தெடுக்கப்படும். /நூல்கள்/ என்ற விதியைப் பக்கம் 1 என்ற இயல்பு மதிப்போடும், /நூல்கள்/பக்கம்/<இண்ட்:பக்கம்> என்ற விதியைத் தனியாகவும் ஒரே எண்ட்பாயிண்டில் பதிந்தால், பக்கம்=1 என்று கேட்கும்போது குறுகிய முகவரியும் பக்கம்=2 என்று கேட்கும்போது நீண்ட முகவரியும் கிடைக்கும். யாராவது /நூல்கள்/பக்கம்/1 என்று கையால் தட்டி வந்தால், வெர்க்சாய்க் அவர்களைக் குறுகிய முகவரிக்குத் திருப்பிவிடும். ஒரே உள்ளடக்கத்துக்கு இரண்டு முகவரிகள் உலவுவதை இது தானாகவே தடுத்துவிடுகிறது.

முடிவில் சாய்கோடு வேண்டுமா, வேண்டாமா?

எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் செயலி முழுவதும் ஒன்றாக இருக்கட்டும். விதி சாய்கோட்டில் முடிந்தால், சாய்கோடு இல்லாமல் வருபவர் 308 குறியீட்டோடு சரியான இடத்துக்குத் திருப்பிவிடப்படுவார். விதி சாய்கோடு இல்லாமல் முடிந்தால், சாய்கோட்டோடு வருபவருக்கு 404 தான். பெயரிலிருந்து முகவரியை உருவாக்கினால் விதியில் உள்ளபடியே வந்துவிடும் என்பதால் இது உங்கள் கவலையாகவே இராது.

புளூபிரிண்டுகள் சேர்ந்ததும் பழைய பெயர்கள் எல்லாம் பிழை காட்டுகின்றன. ஏன்?

ரூட்டுகளைத் தொகுத்து வைக்கும் பிரிவான புளூபிரிண்டின் பெயர், புள்ளியோடு முன்னால் சேர்ந்துவிடுகிறது. நூல் என்ற புளூபிரிண்டுக்குள் காட்டு என்ற ஃபங்ஷன் இருந்தால் அதன் முழுப்பெயர் "நூல்.காட்டு". அதே புளூபிரிண்டின் கோரிக்கை நடந்துகொண்டிருக்கும்போது ".காட்டு" என்று புள்ளியில் தொடங்கிச் சுருக்கமாகவும் எழுதலாம். புள்ளிக்கு இப்படியொரு பணி இருப்பதால், புளூபிரிண்டின் பெயரிலோ அதற்குள் வரும் எண்ட்பாயிண்டின் பெயரிலோ நீங்களாகப் புள்ளி வைக்க முடியாது. புளூபிரிண்டுக்குள் புளூபிரிண்டு வைக்கும் வசதி 2021-இல் வந்த ஃபிளாஸ்க் 2.0 முதல் உண்டு; அப்போது பெயர் "நிர்வாகம்.நூல்.காட்டு" என்று நீளும்.

புள்ளியில் தொடங்கும் சுருக்கப் பெயரைப் பொதுவான டெம்ப்ளேட்டுகளில், குறிப்பாக எல்லாப் பக்கங்களுக்கும் மேலே வரும் பட்டியில், பயன்படுத்தவே கூடாது. அது எந்தப் புளூபிரிண்டின் கோரிக்கை என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். ஒரு பக்கத்தில் இயங்கும் பட்டி அடுத்த பக்கத்தில் உடையும்.

பெயர் சூட்டும் முறையைப் பொறுத்தவரை, புளூபிரிண்டுக்குப் பொருளின் பெயரையும் ஃபங்ஷனுக்குச் செயலின் பெயரையும் வைத்தால் "நூல்.காட்டு", "நூல்.திருத்து" என்று வாக்கியம் போலவே வாசிக்கலாம். "நூல்.நூல்_காட்டு" என்று பொருளை இருமுறை சொல்லத் தேவையில்லை. முகவரியின் வடிவத்தையே பெயராக வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். முகவரி மாறிய மறுநாள் அந்தப் பெயர் பொய்யாகிவிடும்.

மின்னஞ்சலுக்குள் வைக்க முழு முகவரி வேண்டும். எப்படிப் பெறுவது?

_எக்ஸ்டர்னல் என்பதை உண்மை என்று கொடுத்தால் நெறிமுறையும் தளத்தின் பெயரும் சேர்ந்த முழு முகவரி வரும். ஆனால் அந்தத் தளப் பெயர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். கோரிக்கை நடந்துகொண்டிருக்கும்போது அது கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரிலிருந்து வருகிறது; அந்த ஹெடரை அனுப்புபவர் எதிர்முனையில் இருப்பவர். கடவுச்சொல் மறந்தவருக்கான படிவத்தில் ஒருவர் இன்னொருவருடைய மின்னஞ்சலை இட்டு, ஹோஸ்ட் ஹெடரில் தன்னுடைய தளத்தின் பெயரை வைத்து அனுப்புகிறார் என்று கொள்வோம். செயலி அதை நம்பினால், உண்மையான உரிமையாளருக்குப் போகும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பு அந்த ஆளின் தளத்தைச் சுட்டும். உரிமையாளர் அதைச் சொடுக்கியதும் கடவுச்சொல்லை மாற்றும் ரகசியக் குறியீடு அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே எந்தெந்தப் பெயர்களில் கோரிக்கை வரலாம் என்பதை முன்னிருக்கும் சர்வரிலேயே கட்டுப்படுத்துங்கள். ஃபிளாஸ்க் 3.1-இல் இதற்கென டிரஸ்டட்_ஹோஸ்ட்ஸ் என்ற அமைப்பும் சேர்ந்திருக்கிறது. கடவுச்சொல் போன்றவற்றுக்கான இணைப்புகளில், தளத்தின் பெயரை அமைப்புக் கோப்பிலிருந்து எடுத்துப் பாதையை மட்டும் கட்டமைப்பிடம் கேட்பதே எனக்கு நிம்மதி.

பின்னணியில் இயங்கும் பணியில் அழைத்தால், கோரிக்கைக்கு வெளியே முகவரியை உருவாக்க முடியாது என்கிறதே?

கோரிக்கை இல்லாத இடத்தில் ஹோஸ்ட் ஹெடரும் இல்லை என்பதால், தளத்தின் பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சர்வர்_நேம் அமைப்பைக் கொடுங்கள். தேவையானால் அப்ளிகேஷன்_ரூட், பிரிஃபெர்டு_யூஆர்எல்_ஸ்கீம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் _எக்ஸ்டர்னல் என்று சொல்லாவிட்டாலும் முழு முகவரியே உருவாகும்.

பிராக்சிக்குப் பின்னால் வைத்ததும் இணைப்புகள் பாதுகாப்பற்ற எச்டிடிபி முகவரிகளாக வருகின்றன.

உலாவி பாதுகாப்பான இணைப்பில், செயலிக்கு முன்னால் நிற்கும் இடைச் சர்வரான பிராக்சியோடு பேசுகிறது. பிராக்சி சாதாரண இணைப்பில் செயலியோடு பேசுகிறது. செயலிக்குத் தெரிவது இரண்டாவது மட்டுமே. வெர்க்சாய்க்கில் உள்ள பிராக்சிஃபிக்ஸ் என்ற இடைநிரல், பிராக்சி அனுப்பும் எக்ஸ்-ஃபார்வேர்டட் வகை ஹெடர்களைப் படித்து நெறிமுறை, தளப் பெயர், முன்னொட்டு ஆகியவற்றைச் சரிசெய்யும். முன்னால் எத்தனை பிராக்சிகள் உள்ளனவோ அந்த எண்ணிக்கையைச் சரியாகத் தர வேண்டும்; பிராக்சியே இல்லாத இடத்தில் இதை இயக்கினால், யார் வேண்டுமானாலும் அந்த ஹெடர்களைப் போலியாக அனுப்பிவிடலாம்.

முகவரிக்குள் தமிழ்த் தலைப்பை வைக்கலாமா?

வைக்கலாம்; ஆனால் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். முகவரி கம்பியில் பயணிக்கும்போது தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாறி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்துகளாக எழுதப்படும். தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால் அது 9 எழுத்துகளாக நீளும். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள் இருப்பதால் அது 45 எழுத்துகள் ஆகிறது. உலாவியின் முகவரிப் பட்டை அதை அழகாகத் தமிழிலேயே காட்டினாலும், நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது அந்த நீளம் வெளிப்பட்டுவிடலாம். இந்த மாற்றத்தை நீங்கள் செய்ய வேண்டாம். தலைப்பை அப்படியே மதிப்பாகக் கொடுத்தால் யூஆர்எல்_ஃபார் பார்த்துக்கொள்ளும். நீங்களும் மாற்றிக் கொடுத்தால் சதவீதக் குறியே மறுபடி மாற்றப்பட்டு முகவரி கெடும்.

இரண்டாவது சற்று நுட்பமானது. "கொடி" என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: ஒகரத்துக்கென உள்ள ஒரே குறியாகவோ, எகரக் குறியும் துணைக்காலும் அடுத்தடுத்து வரும் இரண்டு குறிகளாகவோ. திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் வெவ்வேறு. தரவுத்தளத்தில் ஒரு வடிவமும் முகவரியில் மற்றொரு வடிவமும் இருந்தால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் முகவரி 404 தரும். காரணத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. தலைப்பைச் சேமிக்கும்போதும் முகவரியிலிருந்து படிக்கும்போதும் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றுங்கள். ஃபிளாஸ்க்கில் இதை, முகவரியின் ஒரு பகுதியை மதிப்பாகவும் மதிப்பை முகவரியாகவும் மாற்றும் சொந்தமான ஒரு கன்வெர்ட்டராக எழுதிவிடலாம்: உள்ளே வரும்போது டு_பைத்தான், வெளியே போகும்போது டு_யூஆர்எல் என்ற இரண்டு மெத்தடுகளிலும் சீர்வடிவத்தைச் செய்தால், எந்த ஃபங்ஷனும் இதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

இதனுடன் எண்ணையும் சேர்த்து /நூல்/42/தலைப்பு என்று அமைத்து, தேடுவதை எண்ணை வைத்தே செய்தால், தலைப்பில் பிழைதிருத்தம் செய்தாலும் பழைய இணைப்பு உடையாது.

ஜாவாஸ்கிரிப்டுக்குள் முகவரி தேவைப்பட்டால்?

சர்வரில் இயங்கும் யூஆர்எல்_ஃபார் உலாவிக்குள் கிடையாது. முகவரியைச் சர்வரிலேயே உருவாக்கி, உறுப்பின் டேட்டா பண்பிலோ ஜேசான் பதிலிலோ வைத்து அனுப்புவது நேரான வழி. எண்ணுக்குப் பதில் ஒரு குறிச்சொல்லை வைத்து முகவரியை உருவாக்கி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் முயல்வார்கள். இண்ட் கன்வெர்ட்டர் எண் அல்லாத எதையும் ஏற்காது என்பதால் அங்கேயே பிழை எழும்.

என் கட்டமைப்பில் பெயரிடும் வசதியே இல்லை. என்ன செய்வது?

சினாட்ரா, எக்ஸ்பிரஸ் ஆகியவற்றின் மையத்தில் இந்த வசதி இல்லை. முகவரிகளை உருவாக்கும் சிறு ஃபங்ஷன்களை ஒரே கோப்பில் எழுதி, ரூட்டுப் பதிவுகளும் டெம்ப்ளேட்டுகளும் அந்தக் கோப்பையே பயன்படுத்தும்படி செய்தால் தேவையின் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

பெயரைப் பயன்படுத்துவதால் முகவரியை நினைத்தபோது மாற்றலாமா?

உள்ளிருக்கும் இணைப்புகள் உடையாது, அவ்வளவுதான். தேடுபொறியும், பிறர் அனுப்பிய மின்னஞ்சலும், வாசகரின் புக்மார்க்கும் உங்கள் எண்ட்பாயிண்டை அறியா. பழைய விதியை வேறொரு ஃபங்ஷனில் நிலைநிறுத்தி, அதிலிருந்து புதிய பெயரின் முகவரிக்கு 301 அல்லது 308 கொண்டு திருப்பிவிடுங்கள். படிவங்கள் அனுப்பப்படும் முகவரி என்றால் 308 வேண்டும். 301-ஐப் பெறும் உலாவிகள் போஸ்ட் கோரிக்கையைக் கெட் ஆக மாற்றிவிடுவது வழக்கம், அப்போது படிவத்தின் உள்ளடக்கம் வழியிலேயே தொலைந்துவிடும்.

பெயர் தவறாக இருந்தால் செயலி தொடங்கும்போதே தெரிந்துவிடுமா?

தெரியாது. பில்ட்எரர் எழுவது டெம்ப்ளேட்டின் அந்த வரி இயங்கும் கணத்தில்தான். ஒருமுறை நான் முகப்புப் பக்கத்தின் எண்ட்பாயிண்ட் பெயரை மாற்றிவிட்டு, எல்லாப் பக்கங்களையும் சொடுக்கிப் பார்த்துத் திருப்தியடைந்தேன். பிழை நேரும்போது காட்டும் 500 பக்கத்தின் டெம்ப்ளேட்டில் "முகப்புக்குத் திரும்புக" என்ற இணைப்பு பழைய பெயரிலேயே இருந்தது. வாரங்கள் கழித்து வேறு ஏதோ சிறு பிழை நேர்ந்தபோது, அதைச் சொல்ல வந்த பக்கமே பில்ட்எரரில் விழுந்தது. பயனருக்குத் தெரிந்தது சர்வரின் வெறும் வெள்ளைப் பக்கம், எனக்குத் தெரிந்தது இரண்டு பிழைகள் பின்னிக் கிடந்த ஒரு நீண்ட பதிவு.

அன்று முதல் 404, 500 பக்கங்கள் உட்பட ஒவ்வொரு டெம்ப்ளேட்டையும் ஒரு முறையேனும் வரைந்து பார்க்கும் சோதனையை எழுதிவைத்திருக்கிறேன். டெஸ்ட்_ரிக்வெஸ்ட்_கான்டெக்ஸ்ட் கொண்டு போலிக் கோரிக்கை ஒன்றை உருவாக்கி, அதற்குள் டெம்ப்ளேட்டை இயக்கினால் போதும். அத்துடன் ஃபிளாஸ்க் ரூட்ஸ் என்ற கட்டளை எல்லாப் பெயர்களையும் விதிகளையும் பட்டியலிட்டுத் தருகிறது. அதன் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து நிரலோடு வைத்தால், பெயரோ முகவரியோ மாறிய ஒவ்வொரு முறையும் அந்த மாற்றம் மறுபார்வையில் தனி வரியாகத் தெரியும்.